சீனியர் திருத்திய இரங்கல் குறிப்பு

கோதண்டபாணி சார் தன்னுடைய இரங்கல் குறிப்பை எழுதிக்கொண்டு வரச் சொல்லி என்னைக் கூப்பிட்டது ஒரு சனிக்கிழமை காலையில். போனில் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. "சூடாமணி, ஒரு டிராஃப்ட் வேணும். அவசரம்னு சொல்ல முடியாது. ஆனா வாய்தா கேக்க முடியாத மேட்டர்" என்றார். ஏதோ மேல்முறையீடு என்று நினைத்துக்கொண்டு போனேன். மெட்ரோ வேலைக்காக லஸ் முழுக்கத் தகரம் அடித்து வைத்திருக்கிறார்கள். ஆட்டோ எங்கெங்கோ சுற்றி, சித்திரைக்குளத்துக்குப் பக்கத்தில் என்னை இறக்கிவிட்டது. சார் வீட்டுத் தூணில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண்களையும் கருங்கல்லில் வெட்டிப் பதித்திருப்பார்கள். எந்தக் காலத்துத் தபால்காரர் வந்தாலும் அந்த வீட்டைத் தவறவிட மாட்டார்.

சாருக்கு எண்பத்தொன்று. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. சாய்வு நாற்காலியில் படுத்தபடியே விஷயத்தைச் சொன்னார். "நம்ம சங்கத்துப் பத்திரிகையோட பொன்விழா மலர் வரச்சே நான் இருப்பேனோ இல்லையோ. கடைசிப் பக்கத்துல என்னைப் பத்தி எவனாவது கன்னாபின்னான்னு எழுதிடுவான். நீ எழுதிண்டு வா. நான் செட்டில் பண்ணித் தந்துடறேன்."

செட்டில் என்பதை வெளி ஆட்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் தொழிலில் ஜூனியர் எழுதுவார், சீனியர் சிவப்பு மையில் திருத்துவார். சீனியர் திருத்திக் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு அதில் ஒரு காற்புள்ளியைக்கூட ஜூனியர் தொடக் கூடாது. கிட்டத்தட்ட வேதவாக்கு. எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது, மந்தைவெளியில் தனி ஆபீஸ், என் டிராஃப்டுக்குக் காத்திருக்கும் ஜூனியர்கள் எல்லாம் உண்டு. ஆனால் சார் முன்னால் போய் நின்றால் நான் இன்னமும் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு ஹைகோர்ட் தாழ்வாரத்தில் பின்னாலேயே ஓடிய பெண்தான். செத்தபிறகு வரப்போகும் குறிப்பை உயிரோடு இருக்கும்போதே செட்டில் செய்ய நினைக்கிற மனிதர் வேறு தொழிலில் இருப்பாரா என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு சரி சார் என்றேன்.

பத்திரிகையின் பெயர் 'வக்காலத்து'. எங்கள் சட்டக் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுவது. 1975இல் மாலை வகுப்பு மாணவர்கள் ஆரம்பித்தது. முதலில் சைக்ளோஸ்டைல், எழுபத்தேழிலிருந்து அச்சு, இப்போது பாதிப் பேருக்கு வாட்ஸாப்பில் பிடிஎஃப். யார் நீதிபதியானார், யாருடைய பெண்ணுக்குக் கல்யாணம், எந்த ஆண்டு படித்த அணி எந்த ஓட்டலில் கூடிச் சாப்பிட்டது என்பதுதான் உள்ளடக்கம். ஆனால் இதழ் கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் திருப்புவது கடைசிப் பக்கத்தை. 'விடைபெற்றோர்' என்று தலைப்பு. ஒவ்வொருவரைப் பற்றியும் அவருடன் படித்த ஒருவர் எழுதுவார். அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து, மாலை போட்ட படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நீதிபதிகள் தீர்ப்பெழுதும் கவனத்தோடு அந்தக் குறிப்புகளை எழுதி அனுப்புவார்கள். கொரோனா வந்த வருடம் அந்தப் பக்கம் பெருகிப் பெருகி இதழில் பாதியானது. அப்போதுதான் நான் ஆசிரியர் பொறுப்புக்கு வந்தேன்.

பத்திரிகையின் வரலாற்றை எழுதுகிற வேலையும் அதற்கு முன்பிருந்தே என் தலையில்தான். வெள்ளிவிழா மலருக்கு எழுதினேன், அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதையே தூசி தட்டினேன். போன மலரைப் பார்த்து இந்த மலரில் எழுதுவதுதானே வரலாறு. 'கபாலீஸ்வரர் கோயில் குளத்தங்கரையில் ஒரு மாலைப் பொழுதில் நிறுவன ஆசிரியர் கோதண்டபாணியின் உள்ளத்தில் உதித்த பெயர்' என்று ஒரு வரி. 'பசுமையான எதிர்காலத்தின் அடையாளமாக முதல் இதழ் பச்சை நூலால் தைக்கப்பட்டது' என்று இன்னொரு வரி. முதல் இதழின் ஒரே பிரதி சார் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. பச்சை நூலை நானே பார்த்திருக்கிறேன். எதிர்காலம், அடையாளம் எல்லாம் என் சொந்தச் சரக்கு. சார் படித்துவிட்டு அந்த இரண்டு வரிகளையும் திருத்தாமல் விட்டார். அவர் திருத்தாமல் விட்டது உண்மை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸில் அந்த டிராஃப்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஓர் அம்மாள் வந்தார். எழுபதை நெருங்கும் வயது, நல்ல உயரம், தோளில் துணிப்பை. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்ததாகச் சொன்னார். விவாகரத்தோ ஜீவனாம்சமோ, யாருக்காகவோ வந்திருக்கிறார் என்று நினைத்து உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"நீதானம்மா வக்காலத்து பொஸ்தகம் போடறது?"

ஆமாம் என்றேன்.

"எம் பேரு செண்பகம். மதிவாணன் சம்சாரம். சைதாப்பேட்டை கோர்ட்ல வக்கீலா இருந்தாரு. தொண்ணூத்தெட்டுல பூட்டாரு."

எனக்கு அந்தப் பெயர் மங்கலாக ஞாபகம் இருந்தது. பழைய இதழ்களைப் புரட்டும்போது 'விடைபெற்றோர்' பக்கத்தின் அடியில் ஒற்றை வரியாகப் பார்த்திருக்கிறேன்: மதிவாணன், சைதாப்பேட்டை, 1976 அணி. யாரும் குறிப்பு எழுதாதவர்களுக்கு அந்த ஒற்றை வரிதான் வழக்கம். வந்த காரியத்தை அந்த அம்மாள் சுற்றி வளைக்காமல் சொன்னார். அவருடைய மகள் தமிழ்நிலா, ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் கரையேற்றியவள், நாற்பது வயதுக்கு மேல் இந்த வருடம்தான் எங்கள் கல்லூரியில் மூன்று வருடப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். முதல் நாள் எல்லாரும் எழுந்து தங்களைப் பற்றிச் சொன்னபோது, வக்காலத்து பத்திரிகையை ஆரம்பித்தவர் என் அப்பா என்று சொல்லியிருக்கிறாள். பாடம் எடுத்தவர் எங்கள் சங்கத்து ஆள். பையிலிருந்து புது இதழை எடுத்து, நிறுவன ஆசிரியர் என்று போட்டிருக்கும் இடத்தைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். இருபது வயதுப் பிள்ளைகள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள்.

"வூட்டுக்கு வந்து கேக்கறா. எம்மா, நைனா டூப்பு உட்டாரான்னு. அவளுக்குப் பதிமூணு வயசுல அவரு பூட்டாரு. அவரு சொன்னத வெச்சிக்கினுதான் அவ இத்தினி வருசம் இருந்தா. அவரு குடிச்சாரு, சம்பாரிக்கல, எல்லாம் மெய்தான். பொய் சொன்னதில்ல. அத்த மட்டும் நீ பொஸ்தகத்துல போடணும்."

"ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இருபத்தைந்து வருடப் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிடுகிறது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆத்தங்கரைல இருந்தோம். ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல வெள்ளம் வந்து பொட்டி, பீரோ, அவரு கோட்டு, எல்லாம் பூட்ச்சு. அதுக்கப்புறம்தான் எங்கள பெரும்பாக்கத்துல கொண்டாந்து போட்டாங்க. ஆதாரத்துக்கு நான் எங்க போறது? நான்தான் கீறேனே. நான் போறாதா?"

அவர் போனபிறகு டிராஃப்டைப் பார்த்தேன். 'வக்காலத்து இதழைத் தொடங்கிய நிறுவன ஆசிரியர்' என்று முதல் வரியிலேயே இருந்தது. அந்த வரி சார் பக்கம் சாய்ந்தால் அந்த அம்மாளின் புருஷன் பொய்யன். அந்த அம்மாள் பக்கம் சாய்ந்தால் என் சீனியர் பொய்யர், அதுவும் அவருடைய இரங்கல் குறிப்பிலேயே. ஒரு நாள் முழுக்க யோசித்து, நம் ஆட்கள் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன், சமரசம். 'நண்பர் மதிவாணனுடன் சேர்ந்து' என்று மூன்றே சொற்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன்.

சார் அப்போதுதான் டயாலிசிஸ் முடிந்து வந்திருந்தார். மருமகள் ஹம்சினி சைகையில் வேண்டாம் என்றார். சார் கேட்கவில்லை. சிவப்புப் பேனாவை வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் திருத்தினார். 'சட்டத்துறையின் கலங்கரை விளக்கம்' அடிபட்டது. 'ஈடு இணையற்ற' அடிபட்டது. 'எளியோரின் தோழர்' என்பதை இரண்டு தரம் அடித்தார். எல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். மதிவாணன் பெயருக்குக் கீழே மட்டும் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் 'ஆதாரம்?' என்று எழுதினார்.

நான் செண்பகம் அம்மாள் வந்ததைச் சொன்னேன். மகளைப் பார்த்து வகுப்பே சிரித்ததையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"டிக்ளரேஷன் இருக்கு. அச்சுக்குப் போறதுக்கு முன்னால மாஜிஸ்திரேட் முன்னாடி நான் கொடுத்தது. ஆசிரியர், வெளியிடறவர் ரெண்டும் நான்தான். எழுத்து இருக்கற எடத்துல வாய்ச்சொல் எடுபடாது. எழுதாக் கடனுக்கு அழுதா தீருமா? இது நான் சொல்லலை, சட்டம் சொல்றது." சாட்சியச் சட்டமே மாறிப் பிரிவு எண்களெல்லாம் இடம் பெயர்ந்துவிட்ட காலத்தில் சார் பழைய எண்ணை ஒப்பித்தார்.

"சார், சாட்சி உயிரோட இருக்காங்க" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சாரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அவர் கண்ணைத் திறந்தார். வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, கூட்டிண்டு வா. கிராஸ் பண்ணிப் பார்க்கறேன்" என்றார்.

இது என்ன கூத்து என்றுதான் தோன்றியது. சாரின் குறுக்கு விசாரணையை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். தாசில்தார்களும் டாக்டர்களும் கூண்டில் வியர்த்து, தண்ணீர் கேட்டு, கடைசியில் சொந்தப் பெயரைக்கூட யோசித்துச் சொல்வார்கள். அவரிடம் இந்த அம்மாளைக் கொண்டுபோய் நிறுத்துவது பாவம் என்று பட்டது. போனில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். செண்பகம் அம்மாள் சிரித்தார். "பாணிண்ணன் கேப்பாரா? கேக்கட்டும். நான் ரேசன் கடைல கேக்காத கேள்வியா?"

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வந்துவிட்டார். வாசலில் கல் எண்களைக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். சார் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் சட்டையோடு அவரை நான் பார்த்ததே இல்லை. ஹம்சினி மூவருக்கும் காபி கொண்டுவந்து வைத்தார். செண்பகம் அம்மாள் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "இந்த வூட்டுக்கு இன்னிக்குத்தான் வரேன் பாணிண்ணா. அவரு வந்துக்கீறாரா?"

"வாசல் வரைக்கும் வந்திருக்கான்" என்றார் சார்.

பிறகு சார் என்னைப் பார்த்து, "எழுதிக்கோ" என்றார். கோர்ட்டில் வாக்குமூலம் எழுதுகிற முறைப்படியே ஆரம்பித்தார். பேரு? செண்பகம். கணவர் பேரு? "மதிவாணன். இன்னா பாணிண்ணா, உனக்குத் தெரியாதா?" என்றார் அந்த அம்மாள். "எனக்குத் தெரிஞ்சது ரெக்கார்டுக்கு வராது. நீங்கதான் சொல்லணும்" என்றார் சார். விலாசம் கேட்டார்.

"பெரும்பாக்கம். முப்பத்தாறாவது பிளாக்கு, நாலாவது மாடி, ஏழாம் நம்பரு." அந்த அம்மாள் ஒவ்வொன்றாக, நான் எழுதி முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "ஆத்தங்கரைல இருந்தப்போ நம்பரே கெடயாது. இப்ப மூணு நம்பரு கீது. தண்ணிதான் மேல ஏற மாட்டேங்குது."

சார் சிரிக்கவில்லை. "எழுபத்தஞ்சுல, சனிக்கிழமை சாயந்திரம் உங்காத்துல என்ன நடக்கும்?"

செண்பகம் அம்மாள் சொல்ல ஆரம்பித்தார். மதிவாணன் பகலில் சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை கடை மூடியதும் முதலாளியிடம் சொல்லிவிட்டு சைக்ளோஸ்டைல் மெஷினை வாடகை ரிக்ஷாவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். பாணி மயிலாப்பூரிலிருந்து சைக்கிளில் வருவார். ஸ்டென்சில் வெட்டுவது மதிவாணன். ஒருவர் கைப்பிடியைச் சுற்ற, ஒருவர் தாளை வாங்குவார். குடிசைக்குள் இடம் போதாது, தாளெல்லாம் காயப் போட்டால் கால் வைக்க வழியிருக்காது. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பெண் வெளியே அடுப்பு வைத்துச் சமைத்தாள். "கருவாடு கொதிச்சா பாணிண்ணன் மூக்கப் புடிச்சிக்கினு உக்காருவாரு. ஆனா போமாட்டாரு. மை ஒட்டுன வேட்டியோட ராத்திரி பத்து மணிக்குப் போவாரு."

"முதல் இதழை எதால சேர்த்தது?"

"நூலுதான். பின்னு அடிக்கற மெசினுக்கு எங்க போறது? நான்தான் ஊசில தச்சேன். பச்ச நூலு. ரவிக்க தைக்க வாங்கி வெச்சிருந்தது. அது தீர்ந்து பூடுச்சுன்னு அந்த ரவிக்கைய செவப்பு நூல்ல தச்சிப் போட்டுக்கினேன். எல்லாரும் சிரிச்சாங்க."

எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றது. பசுமையான எதிர்காலத்தின் அடையாளம் என்று நான் எழுதிய வரி ஐந்து மலர்களில் அச்சாகியிருக்கிறது. வெட்கமாக இருந்தது. அலமாரியின் பக்கம் திரும்பிப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை.

"பத்திரிகைக்குப் பேரு யார் வெச்சது?"

"யாரும் வெக்கல. நான் திட்டுனேன். அவரு எப்பப் பாரு ஆத்தங்கரைல எவனுக்காச்சும் பரிஞ்சிக்கினு போலீசாண்ட சண்டைக்குப் போவாரு. அன்னிக்கும் போய்ட்டு லேட்டா வந்தாரு, நீ காத்துக்கினு கீற. ஊரான் வூட்டுக்கெல்லாம் வக்காலத்து வாங்கறதே உம் பொழப்பான்னு கத்துனேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினீங்க. அவ்ளோதான்."

சார் சிரித்துவிட்டார். நோய் வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நேரத்தில் அவர் ஒரு தடவைகூட 'சரிதானே?' என்று கேட்கவில்லை. நீங்கள் சொல்வது பொய் என்கிறேன் என்று சொல்லவில்லை. என்ன, எது, யார் என்று திறந்த கேள்விகளாகவே கேட்டுக்கொண்டிருந்தார். குறுக்கு விசாரணை அப்படி இருக்காது. சொந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றிய வக்கீல்தான் அப்படிக் கேட்பார். கிராஸ் பண்ணுகிறேன் என்று கூப்பிட்டுவிட்டு மதிவாணனுக்காக இவர் கேஸ் நடத்திக்கொண்டிருக்கிறார். ஐம்பது வருடம் வாயைத் திறந்து சொல்ல முடியாததை, பதில் தெரிந்த கேள்விகளாகக் கேட்டு இன்னொருவர் வாயால் சொல்ல வைக்கிறார். இந்த மனிதரை நான் சரியாகத்தான் மதித்து வந்திருக்கிறேன் என்று ஒரு நிம்மதி வந்தது.

"பத்தாம் வருஷ விழா" என்றார் சார். "மேடையில என்னை மட்டும் கூப்பிட்டா. அவன் வந்திருந்தான். ஆத்துக்கு வந்து என்ன சொன்னான்?"

"பாயாசம் நல்லா இருந்துச்சுன்னாரு. அதுக்கப்புறம் எந்த மீட்டிங்குக்கும் போவல."

சார் காபி டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "கடைசிக் கேள்வி. எழுபத்தேழுல அச்சுக்குப் போறச்சே டிக்ளரேஷன்ல என் பேர் மட்டும்தான் இருந்தது. ஏன்னு அவன் உங்ககிட்ட சொல்லியிருக்கானா?"

பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே. நான் சேர்ந்த முதல் நாள் சார் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. இந்தக் கேள்விக்குப் பதில் அவருக்குத் தெரியவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"சொன்னாரு" என்றார் செண்பகம் அம்மாள். "நம்ம வூட்டுக்குக் கதவு நம்பர் கெடயாது, கெவருமெண்டு காயிதத்துல வெலாசம் போடணும், அத்தொட்டு பாணி பேர மட்டும் போடச் சொல்லி நாந்தான் சொன்னேன்னாரு. பாணி ஒத்துக்கல, ரெண்டு பேரும் போட்டாத்தான் ஆச்சுன்னு அடம் புடிச்சான், நான்தான் உடலைன்னாரு. உன்மேல ஒண்ணும் தப்பில்லன்னு அவரே சொல்லிட்டாரு பாணிண்ணா. நான் உன்னக் குத்தம் சொல்ல வரல."

நான் பெருமூச்சு விட்டேன். எவ்வளவு அழகான பதில். மதிவாணனின் யோசனைப்படி, மதிவாணனின் பெருந்தன்மையால் என்று மனதுக்குள் வாக்கியம்கூட அமைந்துவிட்டது. இரண்டு பேரும் தொடங்கினார்கள், ஒருவர் விட்டுக்கொடுத்தார், யார் மேலும் குற்றமில்லை. தமிழ்நிலா தலை நிமிர்ந்து வகுப்புக்குப் போகலாம். சார் தலை நிமிர்ந்தே கடைசிப் பக்கத்துக்குப் போகலாம். சாதகமான பதில் வந்தவுடன் உட்கார்ந்துவிட வேண்டும் என்பதும் சார் சொல்லிக் கொடுத்ததுதான். அவர் அத்துடன் கேள்வியை நிறுத்துவார் என்று காத்திருந்தேன்.

"அது நடக்கலை" என்றார் சார்.

செண்பகம் அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னா சொன்னே?"

"அவன் அப்படிச் சொல்லலை. அது பொய்."

அந்த அம்மாள் எழுந்துவிட்டார். குரல் உயரவில்லை, ஆனால் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "அவரு பொய் சொன்னாருன்னு என் வாயாலயே வரவழைக்கத்தான் இம்மாந்தூரம் வரச் சொன்னியா? காலேஜ்ல சொன்னது போறாதுன்னு நீ வேற சொல்றியா?"

"உக்காரு, செண்பகம்" என்றார் சார். இவ்வளவு நேரம் நீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தவர். "அவன் என் பேரைப் போடச் சொல்லலை. நானும் அவனைக் கேக்கலை. கோர்ட் கவுண்டர்ல நின்னுண்டு நானேதான் எழுதினேன். விலாசம் இல்லைன்னு யாரும் சொல்லலை. ரெண்டு பேர் எழுத எடம் இருந்தது. என் பேரை எழுதினேன், இந்தாத்து நம்பரை எழுதினேன், கொடுத்துட்டேன். அச்சாகி வந்தப்புறம்தான் அவன் பார்த்தான். முதல் பக்கத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தாளு நல்லா கீது பாணின்னான்."

மேலே பேச மூச்சு வாங்கியது. ஹம்சினி உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். "உன்கிட்ட ஒரு தடவை பொய் சொல்லியிருக்கான். நீ என்னைத் தப்பா நினைச்சுடக் கூடாதுன்னு சொல்லியிருக்கான். எனக்கு இது இன்னிக்குத்தான் தெரியறது."

செண்பகம் அம்மாள் நின்றுகொண்டே இருந்தார். கோபப்படுவாரா, அழுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. புருஷன் பொய்யே சொன்னதில்லை என்று சொல்ல வந்தவரிடம், ஒரு பொய் சொல்லியிருக்கிறார், அதுவும் என்னைக் காப்பாற்றத்தான் என்று இந்த மனிதர் சொல்கிறார். மெல்ல உட்கார்ந்தார். "அப்பிடித்தான் அவரு" என்று யாருக்கும் சொல்லாமல் சொன்னார்.

"சூடாமணி, எழுதினதைப் பத்திரமா வை. புதுத் தாள் எடு" என்றார் சார். "சாட்சி மாறியாச்சு, இனி நான்தான் சாட்சி. என் வாக்குமூலத்தை மலர்ல மொதல் பக்கத்துல போடு, கடைசிப் பக்கத்துல இல்லை. நான் உயிரோட இருக்கறச்சே போடு. எவனாவது கிராஸ் பண்ணணும்னா வரட்டும்."

"சார், இது வெளியில வந்தா..." என்று இழுத்தேன். எந்த ஜூனியரும் சொல்லக்கூடியதைத்தான் சொன்னேன்.

"எழுதும்மா."

புதுத் தாளை எடுத்தேன். முறைப்படி கேட்டாக வேண்டும். என் சீனியரிடம் இதைக் கேட்பேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பெயர் என்றேன். கோதண்டபாணி என்றார். தகப்பனார் பெயர் சொன்னார். வயது சொன்னார். விலாசம் என்று கேட்டு, 'கதவு எண்' என்று எழுதி முக்காற்புள்ளி வைத்துக் காத்திருந்தேன். சார் வாயைத் திறந்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார். தூணில் வெட்டிய எண்கள் இரண்டும் தெருவைப் பார்த்திருப்பவை. உள்ளேயிருந்து பார்த்தால் வெறும் கல்தான் தெரியும். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். செண்பகம் அம்மாள் துணிப்பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து, முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான் எழுதுவது தெரிகிற மாதிரி நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.